தளர்வு எங்கே, இறுக்கம் எங்கே: தம்பிக்குப் பின்னிய குளிர் ஜாக்கெட்

என் தம்பி ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகத்தில் இரவுப் பணி பார்க்கிறான். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அந்த இடத்தை "மேலே" என்றுதான் சொல்வோம். 2019-இல் திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. தொலைநோக்கி நிற்கும் குவிமாடத்துக்குள் அனல் மூட்டுவதோ ஹீட்டர் வைப்பதோ கிடையாது. உள்ளே இருக்கும் காற்றும் வெளியே இருக்கும் காற்றும் ஒரே குளிர்ச்சியில் இருந்தால்தான் பிம்பம் அலையாமல் நிற்கும் என்பதால், திறந்த கூரையின் கீழ் வேலை செய்பவர்கள் மலைக் குளிரை அப்படியே உடம்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓர் ஆடி மாதத்தில் வீட்டுக்கு வந்திருந்தவன், "அக்கா, எல்லாத்துக்கும் மேல போட்டுக்கிற மாதிரி தொளதொளன்னு ஒண்ணு பின்னிக் கொடு. உள்ள ஸ்வெட்டர் போட்டிருந்தாலும் கையத் தூக்க முடியணும்" என்று கேட்டான். கடையில் வாங்கிய ஸ்வெட்டர்கள் இரண்டு அவனிடம் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் தோள் இறுகிக் கை மேலே போகவில்லை என்பதே அவனுடைய குறை.

நான் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் குரோஷா, அதாவது முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் வேலை, பழகியவள். நாற்பது ஆண்டுகளில் மேசை விரிப்பு, டி.வி. உறை, நிலைவாசல் தோரணம், பச்சைக் குழந்தைகளுக்குக் குல்லாய் என்று எவ்வளவோ பின்னியிருக்கிறேன். ஆனால் வளர்ந்த ஆண் ஒருவர் குளிரில் போட்டுக்கொள்ளும்படியான பெரிய உடை எதையும் அதுவரை பின்னியதில்லை. காட்பாடியில் அதற்குத் தேவையும் வந்ததில்லை. எனவே இதில் நான் கற்றதெல்லாம் பின்னி, பிரித்து, மறுபடி பின்னிக் கற்றதுதான்.

முதலில் நூல். வேலூர் லாங் பஜாரில் நான் ஏறி இறங்கிய கடைகளில் குழந்தை ஸ்வெட்டருக்கும் தோரணத்துக்கும் ஏற்ற மெல்லிய உல்லன் நூல்தான் எளிதாகக் கிடைத்தது. தடித்த நூல் ஒரே நிறத்தில் போதிய அளவு சேரவில்லை. ஆகவே மெல்லிய நூலையே இரண்டு இழையாகச் சேர்த்துப் பிடித்துப் பின்ன முடிவு செய்தேன். வேறு வழியில்லாமல் எடுத்த அந்த முடிவு பிறகு என்னைக் காப்பாற்றியது. அதைப் பின்னால் சொல்கிறேன். நம் கடைகளில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அக்ரிலிக்குக்கு அந்தக் குணம் இல்லை. இருந்தாலும் தம்பிக்குக் கம்பளி பட்டால் கழுத்தில் அரிக்கும், துவைத்துப் போடவும் ஆள் இல்லை என்பதால் அக்ரிலிக்கையே எடுத்தேன். எந்த நூல் என்று ஐயம் வந்தால் ஒரு விரல் நீளம் வெட்டிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி பொசுங்கும் நாற்றத்தோடு கருகி, தொட்டால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கரு மணியாக நிற்கும். அப்படி உருகும் நூல் என்பதனால்தான், விறகு மூட்டிக் குளிர் காயும்போது இதைப் போட்டுக்கொண்டு நெருப்பருகே போகாதே என்று தம்பியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பருத்தி நூலில் பழகிய கைக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. மெல்லிய எஃகு ஊசியில் கண்ணி கண்ணியாக இழுத்து இறுக்கினால்தான் மேசை விரிப்பு நேர்த்தியாக நிற்கும். அதே கையோடு 4.5 மி.மீ. ஊசியில் இரண்டு இழை உல்லனைப் பின்னத் தொடங்கினேன். ஒரு சாண் பின்னியதும் தூக்கிப் பார்த்தால் அது துணியாகத் தொங்கவில்லை, அட்டை போல விறைத்து நின்றது. விறைத்த பின்னல் உடம்போடு மடங்காது; மடங்காத இடத்தில் காற்று புகும். ஊசியை 6 மி.மீ.க்கு மாற்றி, மாதிரித் துண்டு ஒன்றைப் புதிதாகப் பின்னினேன். அரை டபுள் குரோஷா என்னும் கண்ணியைத் தேர்ந்தேன்: நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணிக்குள் விட்டு இழுத்தால் ஊசியில் மூன்று வளையம் இருக்கும், மூன்றின் வழியாகவும் ஒரே இழுப்பில் நூலை எடுத்துவிட வேண்டும். அது உயரமான கண்ணியான டபுள் குரோஷா அளவுக்கு ஓட்டை விடாது, குட்டைக் கண்ணியான சிங்கிள் அளவுக்கு விறைக்கவும் செய்யாது. பிரிட்டிஷ் முறைப் புத்தகம் பார்த்துப் பின்னுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்க முறையில் சிங்கிள் என்பதை அவர்கள் டபுள் என்பார்கள், டபுள் என்பதை டிரெபிள் என்பார்கள். நான் சொல்வதெல்லாம் அமெரிக்க முறைப் பெயர்.

மாதிரித் துண்டு பின்ன வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் ஏன் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். 6 மி.மீ. ஊசியில் எனக்கு 4 அங்குலத்துக்கு 12 கண்ணி, 9 வரிசை வந்தது. அதாவது அங்குலத்துக்கு 3 கண்ணி. முதுகுப்பாகம் 24 அங்குலம் வேண்டும் என்றால் 72 கண்ணி. கை கொஞ்சம் இறுகி அங்குலத்துக்கு மூன்றேகால் கண்ணி விழுந்தால், அதே 72 கண்ணி 22 அங்குலத்தில் முடிந்துவிடும். முன்னும் பின்னும் சேர்த்து 4 அங்குலம் காணாமல் போகும். தொளதொள ஜாக்கெட், போட்டால் சரியாக இருக்கும் ஜாக்கெட்டாக மாறிவிடும். மாதிரித் துண்டைக் குறைந்தது 6 அங்குலச் சதுரமாகப் பின்னி, ஒருமுறை நனைத்து உலர்த்தி, ஓரங்களை விட்டு நடுவில் அளக்க வேண்டும். ஓரக் கண்ணிகள் எப்போதும் பொய் சொல்லும்.

அந்தத் துண்டை எடை போட்டிருந்தால் இன்னொரு துன்பமும் வந்திருக்காது. நான் குத்துமதிப்பாக 700 கிராம் நூல் வாங்கி வந்தேன். ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், ஒரு கை முழுவதும் பாக்கி இருக்கும்போதே நூல் தீரும் நிலைக்கு வந்தது. மறுபடி கடைக்குப் போய் அதே பெயர், அதே நிற எண் பார்த்து வாங்கி வந்தேன். லேபிளில் இருந்த லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் சாயம் தோய்த்த நூலுக்கெல்லாம் போடும் எண்ணை, பார்க்கத் தவறினேன். விளக்கு வெளிச்சத்தில் ஒன்றுபோல் இருந்த இரண்டு சாம்பல் நிறமும் காலை வெயிலில் வாசலில் வைத்துப் பார்த்தபோது வேறாக நின்றன. புதிது சற்றே நீலம் பாய்ந்திருந்தது. இங்கேதான் இரட்டை இழை கைகொடுத்தது. பழைய நூல் இரண்டு இழை என்றிருந்ததை, பழையது ஒன்று புதியது ஒன்று என்று சேர்த்து அந்தக் கையின் நடுப்பகுதி முழுவதையும் பின்னிவிட்டு, மணிக்கட்டை நெருங்கிய பிறகே இரண்டும் புதியதாக மாற்றினேன். நிறம் வெட்டுப்பட்டுத் தெரியாமல் கரைந்து போயிற்று. ஒற்றை நூலில் பின்னுகிறவர்கள் பழையதில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னிச் சமாளிக்கலாம்.

நூல் கணக்கை இப்போது நான் இப்படிப் போடுகிறேன். 6 அங்குலச் சதுரம் சமையலறைத் தராசில் 16 கிராம் இருந்தது. சதுர அங்குலத்துக்கு 0.44 கிராம். முதுகு, இரண்டு முன்பாகம், இரண்டு கை, பட்டைகள் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டினால் ஏறத்தாழ 2,050 சதுர அங்குலம். பெருக்கினால் 900 கிராமுக்குச் சற்று மேல். பத்தில் ஒரு பங்கு கூட்டி ஒரு கிலோவாக, ஒரே லாட்டில், ஒரே நாளில் வாங்கிவிட வேண்டும்.

கழுத்திலிருந்து தொடங்கி ஒரே துண்டாக இறங்கும் முறைகள் பல உண்டு; தையல் வேலை மிச்சம் என்று அவற்றைச் சொல்வார்கள். எங்கள் ஊருக்கு அது ஆகாது என்பது என் தீர்மானமான கருத்து. குளிர்காலத்துக்கு உடை வேண்டுமானால் ஆவணியிலேயே தொடங்க வேண்டும், ஆவணியில் காட்பாடியில் மடியில் ஒரு கிலோ உல்லனைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. வியர்த்த கையில் அக்ரிலிக் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், கண்ணி இறுகும், காலையில் பின்னியதும் மதியம் பின்னியதும் அளவில் வேறாகும். துண்டு துண்டாகப் பின்னினால் மடியில் எப்போதும் ஒரு துண்டின் பாரம்தான் இருக்கும். விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு வரை மட்டும் பின்னுவது என்று வைத்துக்கொண்டேன்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். தம்பியின் மார்பளவு 38 அங்குலம். உள்ளே சட்டையும் ஸ்வெட்டரும் இருக்கும் என்பதால் 10 அங்குலம் கூட்டி 48 என்று வைத்தேன். முதுகு 24 அங்குலம். முன்பாகம் தலா பதினொன்றேகால் அங்குலம், 34 கண்ணி. பொத்தான் பட்டை ஒன்றரை அங்குலம். இரண்டு பட்டையும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் கணக்கில் ஒரு பட்டையைத்தான் சேர்க்க வேண்டும். இதை மறந்தால் முன்பக்கம் அகன்று தொப்பை கட்டும். நீளம் 27 அங்குலம், 61 வரிசை. முதுகின் மேல் வரிசையில் தோளுக்கு 25, கழுத்துக்கு 22, மறு தோளுக்கு 25 கண்ணி.

முதுகுப்பாகத்தை இருபது வரிசை பின்னிய பிறகு தரையில் விரித்தபோது அது சதுரமாக இல்லை, முறம் போல ஒரு பக்கம் குறுகிக் கிடந்தது. எண்ணினால் 67 கண்ணிதான் இருந்தது. ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கண்ணியும் திருப்பத்தில் மடங்கி ஒளிந்துகொள்ளும். நான் அதை ஐந்து முறை தவறவிட்டிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் போட்டதும் அதில் ஓர் ஊக்கை மாட்டிவிடுவேன். திரும்பி வரும்போது அந்த ஊக்கு இருக்கும் கண்ணியில் பின்னாமல் வரிசை முடியாது. ஐந்து வரிசைக்கு ஒருமுறை எண்ணியும் பார்ப்பேன். கண் மங்கத் தொடங்கிய வயதில் ஊக்கைப் போல உற்ற துணை வேறில்லை.

தோள் தையலில் பருத்தி நாடா ஒன்றை உள்பக்கமாக வைத்துச் சேர்த்துத் தைத்தேன். ஒரு கிலோ எடையும் அந்த இரண்டு தோள் தையலில்தான் தொங்குகிறது. நாடா இல்லாவிட்டால் அக்ரிலிக் நாளுக்கு நாள் இழுபட்டு, தோள் கைக்கு இறங்கிவிடும்.

கைகளைத் தோளிலிருந்து மணிக்கட்டை நோக்கிப் பின்னினேன். இந்த ஒன்றை மட்டும் யாரோ எப்போதோ சொன்னது நினைவிருந்தது, அதனால் பிழைத்தேன். குரோஷாவை முடித்த பக்கமிருந்துதான் பிரிக்க முடியும், தொடங்கிய சங்கிலிப் பக்கமிருந்து உருவ வராது. நான் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்த 24 அங்குலத்துக்குக் கையைப் பின்னி வைத்திருந்தேன். சேர்த்துப் போட்டுப் பார்த்தால் மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கையையும் மூடி இறங்கியது. காரணம் எளியது: முதுகு 24 அங்குலம், தம்பியின் தோள் பதினேழரை அங்குலம். மிச்சமுள்ள ஆறரை அங்குலம் இரண்டு பக்கமும் மூன்றேகால், மூன்றேகாலாகப் புயத்தின் மேல் இறங்கி நிற்கிறது. அதைக் கழித்தால் கைக்கு இருபதே முக்கால் அங்குலம் போதும். உடம்பை எவ்வளவு தளர்த்துகிறோமோ அதில் ஒரு பங்கு கையிலிருந்து கழிய வேண்டும். மணிக்கட்டுப் பக்கமிருந்து பிரித்துச் சரிசெய்தேன்.

இவ்வளவும் செய்து, கார்த்திகை தீபத்துக்கு அடுத்த வாரம் ஜாக்கெட்டை ஆலங்காயம் வழியாக மேலே போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். கை தோளிலிருந்து நுனி வரை ஒரே அகலமாக, சுற்றளவு 19 அங்குலம். கீழ் ஓரம் திறந்தபடி. கழுத்து வட்டமாக, பட்டை இல்லாமல். தளர்வாக வேண்டும் என்றான், எல்லா இடத்திலும் தளர்த்தியிருந்தேன்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் போனில் சொன்னான்: "அக்கா, உக்காந்திருந்தா கதகதன்னு இருக்குது. எழுந்து கையத் தூக்கினா ஜில்லுன்னு உள்ள ஏறுது." முதலில் எனக்கு விளங்கவில்லை. அதே அளவில் வீட்டுக்காரருக்கு ஒரு பழைய சால்வையைச் சுற்றி, கையைத் தூக்கி இறக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. ஒவ்வோர் அசைவிலும் சால்வைக்குள் இருந்த சூட்டுக் காற்று கழுத்து வழியே என் முகத்தில் அடித்தது. கை இறங்கும்போது கீழிருந்து புதுக் காற்று உள்ளே போயிற்று. கொல்லன் துருத்தி வேலை செய்வதும் இப்படித்தான். உல்லன் தானாகச் சூடு தருவதில்லை. நம் உடம்புச் சூட்டில் காய்ந்த காற்றை அசையாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஜாக்கெட் தளர்வாக இருந்தால் அந்தக் காற்றுக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் மணிக்கட்டு, கழுத்து, இடுப்பு ஆகிய மூன்று வாய்களும் திறந்திருந்தால் பிடித்த காற்றெல்லாம் ஓர் அசைவில் போய்விடுகிறது. அவன் கேட்ட தளர்வு மார்பிலும் அக்குளிலும் மட்டும். நான் வாயிலும் தளர்த்திவிட்டேன்.

பொங்கலுக்கு வந்தபோது ஜாக்கெட்டை வாங்கி, இரண்டு கைகளையும் தோளருகே ஐந்து வரிசை விட்டு மீதியைப் பிரித்தேன். மறுபடி 58 கண்ணியில் தொடங்கி, மூன்று வரிசைக்கு ஒருமுறை இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி குறைத்து, 34 கண்ணியில் கொண்டுவந்து நிறுத்தினேன். அதன் நுனியில் இரண்டரை அங்குல அகலத்தில் சுருங்கும் பட்டை. இந்தப் பட்டையைக் குறுக்காகப் பின்ன வேண்டும். ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழை தெரியும். ஊசியைப் பின்னிழைக்குள் மட்டும் விட்டுச் சிங்கிள் குரோஷா போட்டால் முன்னிழை வரப்பு போல எழுந்து நிற்கும். வரப்பும் பள்ளமுமாக வரும் துணி ரப்பர் போல இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இதற்கு மட்டும் ஊசியை 5 மி.மீ.க்குக் குறைத்தேன். பட்டையை இழுக்காமல் ஏழரை அங்குலம் வரும் வரை பின்னி, கை நுனியில் இழுத்துப் பிடித்து இணைத்தேன். கீழ் ஓரத்தில் 48 அங்குலச் சுற்றுக்கு 42 அங்குலப் பட்டை. அது கூடுதல் நீளமாகச் சேர்ந்து ஜாக்கெட் இருபத்தொன்பதரை அங்குலமாக இறங்கியது. இடுப்புக்குக் கீழே மூடியது நல்லதாகவே போயிற்று. கழுத்துக்கு மூன்றங்குல உயரத்தில் அதே பட்டையை நிமிர்ந்து நிற்கும் காலராக வைத்து, மேல் பொத்தானைத் தாடைக்கு அருகில் கொண்டுபோனேன்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். அந்தத் தையும் மாசியும் முழுவதும் அவன் அதைப் போட்டிருந்தான். பின்னலில் ஊடுருவும் ஓட்டை எப்படியும் இருக்கும் என்பதால் காற்று பலமாக வீசும் இரவில் மேலே ஒரு மெல்லிய மழைக்கோட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். தளர்வான உடை என்பதால் அதன் மேல் இன்னொன்று போட்டாலும் அமுங்கிச் சப்பையாகாதபடி பெரிய அளவு மழைக்கோட்டாக இருக்க வேண்டும்.

துவைத்தால் கொடியில் தொங்கவிடக் கூடாது; ஈரப் பாரத்தில் ஒரே நாளில் இரண்டங்குலம் நீண்டுவிடும். துண்டில் சுருட்டி நீரை ஒத்தி எடுத்து, நிழலில் கயிற்றுக் கட்டிலில் விரித்துப் போட வேண்டும். இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைக்கவே கூடாது. சூடு பட்ட அக்ரிலிக் தன் துள்ளலை இழந்து தளர்ந்துவிடும், பட்டைகள் பிறகு சுருங்கவே சுருங்காது.

பங்குனியில் அவன் கொண்டுவந்து கொடுத்தபோது ஜாக்கெட்டில் நான் பின்னி வைத்திருந்த பைகள் இரண்டும் டார்ச் விளக்கின் எடையில் குழந்தை தொட்டில் போலத் தொங்கியிருந்தன. பின்னிய பைகளைப் பிரித்தெடுத்துவிட்டு, உள்பக்கம் காடாத் துணியில் பை தைத்து, அதன் வாயைப் பக்கத் தையலோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறேன். முழங்கையில் பிசிறு உருண்டைகள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றைக் கத்தரியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன், கார்த்திகைக்குள் முடிந்துவிடும்.